பலராமன் வீட்டுக் கல்யாண சி.டி.

அத்தியாயம் 14

சரியாக இரண்டு மணிக்கு பலராமன் வீட்டுக் கல்யாணம் டி.வி.யில் வந்திருக்க வேண்டும்.

ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிறு. புது மாப்பிள்ளைக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் பலராமன் வீட்டில் விருந்து. சாப்பாடு முடிந்து, வெற்றிலையை மென்றபடி சம்பந்தி வீட்டார் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, வைகாசியில் நடந்த கல்யாணத்தை லோக்கல் சேனலில் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களிடமும் அந்தக் கல்யாணம் சி.டி.யாக இருக்கத்தான் செய்தது. ஆனால் தங்கள் வீட்டில் தாங்கள் மட்டும் பார்ப்பதும், ஊரே பார்க்கும் நேரத்தில் கூடவே பார்ப்பதும் ஒன்றாகிவிடுமா?

சேனல் பலராமனின் ஒன்றுவிட்ட தம்பி புருஷோத்தமனுடையது. தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது வந்த பணத்தில் நானூறு வீட்டுக்குக் கேபிள் இழுத்தார். சேனலுக்கு மனைவி பெயரையே வைத்தார், 'அம்சா விஷன்' என்று. காலையில் பக்திப் பாட்டு, மதியம் படம். நடுநடுவே ஊர்க்காரர்களின் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம்.

அந்த அம்சவல்லி இப்போது தன் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். விருந்தில் பரிமாறிவிட்டு அவசரமாக வந்திருந்தாள். கல்யாணத்தில் கட்டியிருந்த அரக்குப் பட்டில் தன்னைத் தன் வீட்டு டி.வி.யில் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. பக்கத்து வீட்டு பாஞ்சாலியும் வந்து சேர்ந்திருந்தாள். மகள் சுபஸ்ரீ ஒரு மூலையில், திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்குப் போட வேண்டிய கம்பெனிக் கோட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி ஆனது. கல்யாண வீடியோ தொடங்குகிற மாதிரி ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து பிள்ளையார் வரவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு வெளி வந்தது. உப்பளம். தூரத்தில் இரண்டு பெண்கள் தலையில் கூடையோடு நடந்து வந்தார்கள்.

"இன்னாக்கா இது? பலராமன் பொண்ணு கல்யாணம் உப்பளத்துலயா நடந்துச்சு?" என்றாள் பாஞ்சாலி.

சுபஸ்ரீ அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். கை தானாக அதைச் செய்தது.

அது அவளுடைய படம்.

சுபஸ்ரீக்கும் மாடி ரூமில் குடியிருக்கும் மாரிசெல்விக்கும் நடுவில் இருப்பது என்னவென்று இந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் அவர்களேதான். ஒரே கம்பெனி, ஒரே லைன், பத்து மாதமாக ஒரே பஸ் சீட். போன ஞாயிறு ஓ.டி. என்று வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் சென்னைக்குப் போனார்கள். ஒரு சின்ன ஹாலில் முப்பது பேருக்குப் போட்டுக் காட்டிய படத்தைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி நேசிக்கிற படம். முன் வரிசையில் இரண்டு ஆண்கள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைவிட அதைத்தான் சுபஸ்ரீ அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது, படம் எடுத்த பெண் ஆளுக்கொரு சி.டி. கொடுத்தாள்.

வாங்கி வந்ததை எங்கே ஒளிப்பது? பலராமன் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தை மூன்று தடவை பார்த்தாகிவிட்டது, இனி யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்து, உறைக்குள் இருந்த கல்யாணத்தைத் துணி அடுக்குக்குள் தள்ளிவிட்டு, இந்தப் படத்தை உறைக்குள் வைத்தாள். உறைமேல் மணமக்கள் ரோஜாப்பூவுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இன்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"உங்கப்பாவுக்கு ஒரு போன் போடுடி" என்றாள் அம்மா.

சுபஸ்ரீ போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். டிஸ்க்கைப் போட்டுவிட்டு, மொட்டை மாடிக் கேபிள் ரூமைப் பூட்டிக்கொண்டு, அறுந்த ஒயர் பார்க்கக் கிளம்பிவிடுவதுதான் அவர் வழக்கம். பத்து வருஷமாகத் தான் போட்ட ஒரு படத்தையும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. இன்று வல்லம் பக்கத்தில் ஏதோ ஒரு ஹாஸ்டல் வாசலில் கம்பத்தின்மேல் இருப்பார். போன் வண்டியில் இருக்கும்.

படம் ஓடியது.

படத்தில் இரண்டு கதைகள். முதலாவது அந்தக் காலத்துக் கதை. உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். சாயங்காலம் ஆனால் ஒருத்தியின் வெடித்த பாதத்துக்கு மற்றவள் எண்ணெய் தடவுவாள். அதிகம் பேச்சில்லை. கல்யாணமாகிப் போகிறவளின் தகரப் பெட்டியை மற்றவள்தான் தலையில் சுமந்து பஸ் வரைக்கும் கொண்டுபோனாள்.

"அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"அப்டி தெரில" என்றாள் அம்மா. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பின்ன சிநேகிதமா?"

"பாத்துகினுதானே கீறேன். தொணதொணக்காத."

பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. உப்பளத்தில் நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்தக் கதை அவ்வளவுதான்.

பாஞ்சாலி முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது அம்மாவின் போன் அலறியது. பேசியது பலராமன் பெரியப்பா. அவர் போட்ட கூச்சல் போனுக்கு வெளியே கேட்டது.

"எங்கம்மா எம் பொண்ணு கல்யாணம்? எங்க? முக்கா மணி நேரமா சம்மந்தி முன்னால தலகுனிஞ்சி குந்தினு கீறேன்! எவளோ உப்பு வாருறா, எவளோ பொட்டி தூக்கறா! புருசு எங்க? போன எடுக்க மாட்டேன்றான்!"

"ஒயர் பாக்க போயிருக்குது மாமா. தோ, நிறுத்தச் சொல்றேன்."

அம்மா திரும்பினாள். "சுபா, காலண்டருக்குப் பின்னாடி இன்னொரு சாவி கீது பாரு. மேல போய் அத நிறுத்து."

சுபஸ்ரீ சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

மேலே கேபிள் ரூமுக்கு எதிரில் மாரிசெல்வி நின்றிருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். ஈரம் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, நம்ம படம்லா ஓடுது!"

"தெரியுது."

"யாரு போட்டா?"

"எங்கப்பாதான். கல்யாணம்னு நெனச்சி போட்டுட்டாரு."

மாரிசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. மறுநொடியே சிரிப்பு நின்று முகம் வெளிறியது. "எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய இன்னைக்கே பஸ் ஏத்திருவான். நிப்பாட்டுட்டி மொதல்ல."

ஏற்றித்தான் விடுவான். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ரூம் எடுத்துத் தங்கி ஒரகடத்தில் வேலை பார்க்கும் சுடலை, தங்கையை ஹாஸ்டலில் விடாமல் இந்த வீட்டு மாடியில் குடிவைத்ததற்குக் காரணமே, கீழே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதுதான். வாராவாரம் புருஷோத்தமனுக்குப் போன் பண்ணி, தங்கச்சி ஒழுங்காக இருக்கிறாளா என்று கேட்பான். ஊரில் அத்தை மகன் முப்பிடாதி தாலி கட்டத் தயாராக இருந்தான். புருஷோத்தமன் வாயிலிருந்து ஒரு வார்த்தை போனால் போதும். சங்கரன்கோவில் பஸ்ஸில் மாரிசெல்வி ஏறவேண்டியதுதான்.

சுபஸ்ரீ பூட்டைத் திறந்தாள். பிளேயரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

அப்போதுதான் அதைக் கேட்டாள்.

பக்கத்து வீடு, எதிர் வீடு, முனையில் ஆறுமுகநயினார் டீக்கடை, கோவிலுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகள். எல்லா இடத்திலிருந்தும் ஒரே குரல். இரண்டாவது கதை தொடங்கியிருந்தது. இந்தக் காலத்துக் கதை. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இரண்டு வயதான பெண்கள், பேப்பர் கட்டை யார் தூக்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை தெரு முழுக்க நடந்தது.

"படத்துல நம்மள மாரி ஆளு வந்தா, ஒண்ணு சிரிக்கதுக்கு வரும், இல்லன்னா சாவுததுக்கு வரும்" என்று போன ஞாயிறு திரும்பி வரும்போது பஸ்ஸில் மாரிசெல்வி சொல்லியிருந்தாள். ஆயிரம் தடவை பார்த்ததுதானே? அப்படி ஒருத்தன் திரையில் வந்து இடுப்பை அசைத்தால் தியேட்டரே எழுந்து கத்தும்.

சுபஸ்ரீ காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். டீக்கடையில் ஒரு விசில் கிளம்பியது. "சும்மா கெடடா, படம் பாக்க விடு" என்று யாரோ அதட்டினார்கள். விசில் அடங்கியது.

தெரு சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, என்ன பண்ணுத? அமுக்கு."

"ஒரு நிமிஷம் செல்வி."

"உனக்குக் கோட்டி புடிச்சிருக்கு."

"ஒரே நிமிஷம்."

ஒரு நிமிஷம் இருபது நிமிஷமானது. ஜெராக்ஸ் கடைக்காரிகளில் ஒருத்தி கடை வாசலில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி. மற்றவள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். நர்ஸ் ஒரு பாரத்தை நீட்டினாள். "பேஷண்டுக்கு நீங்க என்ன உறவு?"

கீழே பைக் நின்ற சத்தமும், புருஷோத்தமன் இரண்டு இரண்டு படியாகத் தாவி வரும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. உள்ளே பாய்ந்தார். மகளைத் தோளால் தள்ளினார். பொத்தானை அமுக்கினார்.

நானூறு வீட்டிலும் சத்தம் நின்றது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற எழுத்து மட்டும் திரையில் நின்றது.

"பலராமண்ணன் எங்கம்மாவ இழுத்து திட்டறாரு! பத்து வருஷத்துல இப்டி ஒரு பேச்சு வாங்கனதில்ல!" அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா உன்ன நிறுத்தத்தானே அனுப்பிச்சா? நின்னு வேடிக்க பாத்துகினு கீற?"

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஒயர் வேலை செய்கிற கைக்கு அதுதான் பழக்கம்.

"கேபிளு, கோமதியம்மா பேசறேன். இன்னா ஆச்சு? கட் ஆயிடுச்சே?"

"தப்பான சிடிம்மா. மன்னிச்சிக்கோங்க."

"அது கெடக்கட்டும். அந்தம்மா நர்சுகிட்ட இன்னா சொல்லிச்சி?"

"எந்தம்மா?"

"ஆஸ்பத்திரில நிக்குதே, அந்தம்மா."

கட் பண்ணினார். உடனே இன்னொன்று அடித்தது. இந்த முறை டீக்கடை. "அண்ணாச்சி, மீதிப் படம் எப்பம் வரும்? கடையில ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்கான்." அதையும் கட் பண்ணினார். மூன்றாவதை எடுக்கவேயில்லை. தரையில் கிடந்த கல்யாண உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள அது எப்டி வந்துச்சி?"



"அது என்னோடது மாமா" என்றாள் மாரிசெல்வி. வாசலில் நின்றபடியே சொன்னாள். "மெட்ராசுல ஒருத்திகிட்ட வாங்குனேன். அத்தைகிட்ட கல்யாண சிடி வாங்கிப் பாத்துட்டு, திருப்பிக் குடுக்கையில மாத்தி வச்சிட்டேன். சுபாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்னதில் முதல் வாக்கியமே பொய். அதைச் சொல்லும்போது அவள் சுபஸ்ரீ பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நெனச்சேன்" என்றார் புருஷோத்தமன். "குடும்பம் கீற வூடுன்னு சொல்லித்தானே உங்கண்ணன் உட்டுட்டு போனான்? அதுக்கு இதான் மரியாதையா?"

போனில் நம்பரைத் தேடினார். சுடலையின் பெயர் வந்ததும் அமுக்கினார். மணி போனது.

அம்மா படியேறி வந்து நின்றாள். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றது சுடலையின் குரல். பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"சுடலை, உன் தங்கச்சிய வந்து கூட்டினு போ. இன்னிக்கே."

"என்ன ஆச்சு அண்ணாச்சி? என்ன செஞ்சா?"

மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையும் தாவணியைச் சுருட்டிப் பிடித்திருந்தன.

சுபஸ்ரீ இருபத்திரண்டு வருஷத்தில் அப்பாவை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசியதில்லை. லைனில்கூட சூப்பர்வைசர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவள். இப்போது அவள் பேசியபோது, அது தன் குரல்தான் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"பா, அது அவளோடது இல்ல. என்னுது."

"நீ கம்னு இரு."

"என்னுதுப்பா. நான்தான் ஒளிச்சி வெச்சேன். நாங்க ரெண்டு பேரும்தான் போய் பாத்தோம்." மாரிசெல்வி பக்கத்தில் போய் நின்றாள். "அந்தப் படத்துல வர்றாங்களே, அந்த மாதிரிதான் நாங்களும். அவள அனுப்பினா நானும் போயிடுவேன்."

போனிலிருந்து வண்டிச் சத்தம் மட்டும் வந்தது. சுடலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

முதலில் அசைந்தது அம்மாதான். வந்து அப்பாவின் கையிலிருந்து போனை எடுத்தாள். "தம்பி, உன் தங்கச்சி நல்லாத்தான் கீறா. அப்பறம் பேசறோம்" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

"இன்னா சொல்றா இவ?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "அம்சா, இன்னா சொல்றா?"

"காதுல விழுந்துச்சில்ல?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. கொஞ்ச நாளா ஏதோ மனசுல நெருடிகினு இருந்துச்சி. நிறுத்தச் சொல்லி அனுப்புன பொண்ணு இருபது நிமிஷமா நிறுத்தலன்னதும் புரிஞ்சிடுச்சி."

"இந்தப் பொண்ணு இப்பவே காலி பண்ணணும்."

"அனுப்பு." அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் கோபமில்லை. களைப்பு இருந்தது. "பின்னாடியே இவளும் போவா. உன்ன மாதிரியே புடிச்சா புடிதான். எனக்கு ஒண்ணும் புரியலய்யா. புரிஞ்ச வரைக்கும் புடிக்கவும் இல்ல. ஆனா பெத்தது ஒண்ணே ஒண்ணு. அது எங்க கீதுன்னு தெரியாம வூட்ல குந்தினு இருக்க என்னால முடியாது."

புருஷோத்தமன் மகளைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள் சுபஸ்ரீ. அவர் கை எழுந்தது. எழுந்த கை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையையே தடவிக்கொண்டது.

மறுபடி போன் அடித்தது. அம்மா பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். "பலராமன் மாமா."

அவர் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகி ஸ்பீக்கரில் போட்டார். ஆனால் பெரியப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"புருசு... அந்தப் படத்தோட மீதிய போடணும்டா."

"இன்னாண்ணே சொல்ற?"

"நானா சொல்றேன்? சம்மந்தியம்மா எழுந்திருக்க மாட்டேன்றாங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரில இருபது வருஷம் ஆயாவா இருந்தவங்களாம். அந்தப் பாரத்த நீட்டி எத்தினி பேர வெளிய நிறுத்தினு இருந்தோம்னு சொல்லி அழுவறாங்க. அந்தம்மா இன்னா சொல்லிச்சின்னு தெரியாம வேன் ஏற மாட்டாங்களாம். போட்டுத் தொலடா. கல்யாணத்த அப்பறம் பாத்துக்கலாம்."

புருஷோத்தமன் போனை இறக்கினார். சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அதிலும் ஆடி விருந்தன்று.

டிஸ்க்கை எடுத்துச் சட்டையில் துடைத்தார். உள்ளே தள்ளினார். விட்ட இடத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஓடவிட்டார். பிறகு வெளியே போகாமல், அங்கே கிடந்த ஒயர் சுருள்மேல் உட்கார்ந்து சின்ன டி.வி.யைப் பார்க்கத் தொடங்கினார். சுபஸ்ரீ பக்கம் திரும்பவேயில்லை.

மாரிசெல்வி தன் ரூமுக்குப் போய்ப் பையை எடுத்து வெளியே வைத்தாள்.

"அத உள்ள வை" என்றாள் அம்மா. "இன்னிக்கு ஒண்ணும் முடிவு பண்ண வேணாம்." சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். பாஞ்சாலியைச் சமாளிக்கவேண்டியிருந்தது.

சுபஸ்ரீ மொட்டை மாடிச் சுவரோரம் வந்து நின்றாள். மாரிசெல்வி சுவருக்குக் கீழே, தெருவுக்குத் தெரியாதபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுபஸ்ரீ அவள் தலைமேல் கையை வைத்தாள். கூந்தல் இன்னும் ஈரமாக இருந்தது. அப்பா உள்ளே பத்தடி தூரத்தில் இருந்தார். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் போனது. படத்தில் ஆஸ்பத்திரிக் காவலாளி அந்த அம்மாளை இரண்டு தடவை வெளியே அனுப்பினான். இரண்டு தடவையும் அவள் திரும்பி வந்தாள். நர்ஸ் மறுபடி பாரத்தை நீட்டினாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

"முப்பத்தோரு வருஷமா அவளுக்கு ராத்திரி மாத்திரைய எண்ணிக் குடுக்கறவ நான்" என்றது அந்தக் குரல், வீடு வீடாக. "அதுக்கு உங்க பாரத்துல என்ன பேரோ, அதை நீங்களே எழுதிக்கோங்க."

அப்போதுதான் முனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கம்பெனி யூனிபார்மில் ஒருவன் இறங்கினான். சுபஸ்ரீயின் கை இறுகியது.

"யாருட்டி?" என்றாள் மாரிசெல்வி கீழிருந்து.

"உங்கண்ணன்."

மாரிசெல்வி எழுந்திருக்கவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வாரானா?"

சுபஸ்ரீ பார்த்தாள். சுடலை வேகமாகத்தான் நடந்து வந்தான். ஆறுமுகநயினார் கடையைத் தாண்டும்போது அவன் கால் தயங்கியது. கடைக்குள் இருபது பேர் அசையாமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவனுக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். அவன் உட்காரவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் நின்றான். மாடியிலிருந்து அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ஏட்டி, சொல்லேன். அண்ணன் என்ன செய்யுதான்?"

சுபஸ்ரீ இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். முதுகிலிருந்து எதையும் படிக்கமுடியவில்லை.

"படம் பாக்கறாரு" என்றாள்.